இந்தியக் கிரெடிட் கார்டோடு லண்டனில் பத்து நாள்: கிளம்பும் முன் செய்ய வேண்டியவை, அங்கே கவனிக்க வேண்டியவை

2025 ஏப்ரலில் அம்மாவை அழைத்துக்கொண்டு லண்டன் போனேன். ஹீத்ரோவில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு பிக்கடில்லி லைன் மெட்ரோவின் நுழைவாயிலுக்கு வந்து, கார்டைப் படிக்கும் மஞ்சள் வட்டத்தில் கார்டை வைத்தேன். சிவப்பு விளக்கு. மறுபடியும் வைத்தேன். மறுபடியும் சிவப்பு. ஓரமாக நின்று வங்கி ஆப்பைத் திறந்தால், வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்திருந்தது. அதை ஆன் செய்ய ஓடிபி வேண்டும். என் சிம்மில் ரோமிங் இல்லை. விமான நிலைய வைஃபை நன்றாக வேலை செய்தது, ஆனால் ஓடிபி வைஃபை வழியாக வராதே! டிக்கெட் மெஷினில் கார்டைச் செருகலாம் என்று போனால் அது பின் நம்பரைக் கேட்டது. டெபிட் கார்டு பின் மனப்பாடம். கிரெடிட் கார்டு பின்னை நான் போட்டதாகவே நினைவில்லை.

கடைசியில் விமான நிலைய நாணய மாற்றுக் கவுன்ட்டரில், கையில் இருந்த ரூபாயை மிக மோசமான விலைக்கு மாற்றி, இரண்டு ஆய்ஸ்டர் கார்டு (முன்கூட்டியே பணம் போட்டுப் பயன்படுத்தும் லண்டன் பயண அட்டை) வாங்கித்தான் ஊருக்குள் போனோம். ஒரு கார்டுக்கு அப்போது 7 பவுண்டு. 2025 செப்டம்பரிலிருந்து அது 10 பவுண்டு. இந்தப் பணம் திரும்பக் கிடைக்காது.

இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்த அம்மா, ஒன்றரை மணி நேரம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இவ்வளவும் வீட்டில் இருக்கும்போது கால் மணி நேரத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை. உங்களுக்கு இது நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். இந்திய வங்கிக் கார்டு வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. கட்டணங்கள் நான் போன நேரத்தில் இருந்தவை. லண்டன் போக்குவரத்துக் கட்டணம் பெரும்பாலும் மார்ச்சில் மாறும், அதனால் கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. மூன்று வாரம் முன்பு: எந்தக் கார்டு என்று முடிவு செய்யுங்கள்

ஒரே கார்டை நம்பிப் போகாதீர்கள். குறைந்தது இரண்டு கார்டு, இரண்டு வெவ்வேறு வங்கியிலிருந்து. முடிந்தால் ஒன்று விசா, இன்னொன்று மாஸ்டர்கார்டு. ஒரே வங்கியின் இரண்டு கார்டு வைத்திருந்து, அந்த வங்கியின் சர்வர் படுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே படுக்கும்.

லண்டன் மெட்ரோவும் பஸ்ஸும் ஏற்பவை விசா, மாஸ்டர்கார்டு, மேஸ்ட்ரோ, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆகியவை. ரூபே அந்தப் பட்டியலில் இல்லை. உங்களிடம் ரூபே மட்டும்தான் இருக்கிறது என்றால், இப்போதே வங்கியில் விசாவோ மாஸ்டர்கார்டோ கேளுங்கள். புதுக் கார்டு தபாலில் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். மூன்று வாரம் என்று சொல்வது அதற்காகத்தான். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பெரிய கடைகளிலும் ஹோட்டல்களிலும் செல்லும், சின்னக் கடைகளில் அடிக்கடி மறுப்பார்கள். அதை முதல் கார்டாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

கார்டைத் திருப்பிப் பார்த்து இரண்டு விஷயத்தை உறுதி செய்யுங்கள். வளைந்த கோடுகள் போட்ட கான்டாக்ட்லெஸ் குறி இருக்கிறதா? காலாவதித் தேதி பயணத்தைத் தாண்டி இருக்கிறதா? அப்புறம் கார்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும். ஹோட்டலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நம் ஊர் இனிஷியல் வழக்கத்தால் கார்டில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருப்பது சகஜம். சின்ன வித்தியாசத்துக்குப் பிரச்சினை வராது. ஆனால் கணவர் கார்டில் அறை பதிவு செய்துவிட்டு மனைவி மட்டும் போய் நின்றால், கார்டு உரிமையாளர் எங்கே என்று நிச்சயம் கேட்பார்கள்.

2. செலவுக் கணக்கு: மறைந்திருக்கும் நாலு சதவீதம்

பெரும்பாலான இந்தியக் கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டு நாணய மார்க்கப், அதாவது அந்தச் செலவுக்கு வங்கி கூடுதலாக எடுக்கும் கட்டணம், 3.5 சதவீதம். அந்த மார்க்கப்பின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் 4.13 சதவீதம். லண்டனில் ஒரு லட்சம் ரூபாய்க்குச் செலவு செய்தால் ஸ்டேட்மென்ட்டில் கூடுதலாக 4,130 ரூபாய் வரும். பல வங்கிகள் இதைத் தனி வரியாகப் பிறகு சேர்ப்பதால், செலவு செய்த அன்று வரும் எஸ்எம்எஸ்ஸில் இது தெரியாது.

சில கார்டுகளில் மார்க்கப் 2 சதவீதம். மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் உண்டு. உங்கள் கார்டின் கட்டணப் பட்டியலில் 'வெளிநாட்டு நாணயப் பரிவர்த்தனை' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மார்க்கப் குறைவான கார்டை வாங்குவது, ஊர் திரும்பிய பிறகு ரிவார்டு புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பதை விட லாபம்.

வரி பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவுக்கு டிசிஎஸ் (செலவின்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிப்பார்கள் என்று 2023 மே மாதம் ஒரு அறிவிப்பு வந்தது உண்மைதான். அந்த ஆண்டு ஜூன் 28 அன்று நிதி அமைச்சகம் அதைத் தள்ளி வைத்தது. ஆக, அந்தச் செலவு எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவும் செலவு செய்யவும் உள்ள ரிசர்வ் வங்கித் திட்டம்) கணக்கில் வராது. ஃபாரெக்ஸ் கார்டில் (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்ளும் கார்டு) போடும் பணமும் டெபிட் கார்டில் செய்யும் செலவும் எல்ஆர்எஸ்ஸில் வரும். அதிலும் டிசிஎஸ் வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய். பத்து நாள் சுற்றுலாவுக்குப் போகும் குடும்பம் அந்த வரம்பைத் தொடுவது அபூர்வம்.

3. ஒரு வாரம் முன்பு: ஆப்பில் உள்ள ஸ்விட்ச்சுகள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டில் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் செருகிப் பயன்படுத்த மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், கான்டாக்ட்லெஸ் இவற்றையெல்லாம் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். நம் பாதுகாப்புக்காக வந்த நல்ல விதி. ஆனால் ஹீத்ரோவில் என்னை நிறுத்தியது இதுதான்.

பொறி எங்கே என்றால், பல ஆப்களில் உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறது. உள்நாட்டுப் பக்கத்தில் கான்டாக்ட்லெஸ் ஆன் செய்திருப்போம், இங்கே கடையில் தட்டினால் வேலை செய்யும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பக்கத்தைத் திறந்தால் மெயின் ஸ்விட்ச்சும் அணைந்திருக்கும், அதற்குக் கீழே கான்டாக்ட்லெஸ், கடை மெஷின், ஆன்லைன், ஏடிஎம் என்று நாலும் தனித்தனியாக அணைந்திருக்கும். முதல் மூன்றையும் ஆன் செய்யுங்கள். ஏடிஎம்மை அணைத்தே வையுங்கள், காரணம் கீழே வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு போடச் சொல்லும். சில ஆப்களில் அது ஆரம்பத்தில் பூஜ்யத்தில் இருக்கும், அப்படியே விட்டால் ஸ்விட்ச் ஆன் ஆகியிருந்தும் கார்டு மறுக்கப்படும்.

பின் நம்பரைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பின் நினைவில் இருப்பதாகத் தோன்றினாலும் உள்ளூர்க் கடை ஒன்றில் கார்டைச் செருகி, பின் அடித்து ஒரு தடவை சோதித்துவிடுங்கள். இந்தியாவில் 5,000 ரூபாய் வரை தட்டிவிட்டுப் போவதால் பின் அடிக்கும் பழக்கமே விட்டுப் போயிருக்கிறது. லண்டனில் பெரிய தொகைக்கு மெஷின் பின் கேட்கும். மூன்று தடவை தவறாக அடித்தால் கார்டு பிளாக்.

கிரெடிட் லிமிட்டையும் பாருங்கள். விமான டிக்கெட்டை அதே கார்டில் போட்டிருந்தால் பாதி லிமிட் ஏற்கெனவே போயிருக்கும். கிளம்பும் முன் நிலுவையைக் கட்டிவிட்டால் இடம் கிடைக்கும். பில் கட்ட வேண்டிய தேதி பயணத்தின் நடுவில் விழுந்தால் முன்கூட்டியே கட்டிவிடுங்கள்.

4. சிம்மும் ஓடிபியும்

கடையில் தட்டுவதற்கும் பின் அடிப்பதற்கும் ஓடிபி வேண்டாம். ஆனால் ரயில் டிக்கெட், நாடக டிக்கெட், அருங்காட்சியகச் சிறப்புக் கண்காட்சி என்று ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் ஓடிபி வரும், அது உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். வங்கி ஆப்பில் எதையாவது மாற்றவும் அதே எண்தான்.

அதனால் இந்திய சிம்மை போனிலிருந்து கழற்றாதீர்கள். அங்கே வாங்கும் சிம்மை இரண்டாவது இடத்தில் போடுங்கள், அல்லது இ-சிம் வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய எண்ணில் டேட்டா வேண்டாம், ரோமிங் மட்டும் திறந்திருந்தால் போதும். அதை இந்தியாவில் இருக்கும்போதே திறக்க வேண்டும். ப்ரீபெய்டு என்றால் எந்த பேக் போட்டால் எஸ்எம்எஸ் வரும் என்று கஸ்டமர் கேரில் கேட்டு உறுதி செய்யுங்கள். எனக்கு இதில் போனது ஒன்றரை மணி நேரம். ரோமிங் பேக் விலை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

போன் போய்விட்டால் என்ன செய்வோம் என்று யோசித்துத் தயார் செய்யுங்கள். லண்டன் தெருக்களில் இ-பைக்கில் வந்து கையிலிருக்கும் போனைப் பறித்துப் போவது நடக்கிறது. போன் போனால் ஆப், ஓடிபி, சேமித்து வைத்த நம்பர் எல்லாம் ஒன்றாகப் போகும்.

ஒரு தாளில் கைப்பட எழுதி, பாஸ்போர்ட் நகலோடு பெட்டியில் வையுங்கள்: ஒவ்வொரு கார்டின் கடைசி நாலு எண், வங்கியின் பெயர், கார்டை பிளாக் செய்ய வெளிநாட்டிலிருந்து கூப்பிட வேண்டிய நம்பர். 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது. +91 என்று தொடங்கும் எண்ணைத் தேடி எழுதுங்கள், அது கார்டின் பின்புறமோ வங்கி இணையதளத்திலோ இருக்கும். பின் நம்பரையும் பின்பக்க மூன்று இலக்க எண்ணையும் எங்கேயும் எழுதாதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள்.

இதோடு ஹோட்டல் பதிவுச் சீட்டின் பிரின்ட். அவ்வளவுதான்.

6. மெட்ரோ, பஸ்: மஞ்சள் வட்டமும் இரண்டு கார்டுப் பிரச்சினையும்

லண்டன் பஸ்களில் 2014 ஜூலை 6 முதல் காசு வாங்குவதில்லை. கார்டு தட்ட வேண்டும், அல்லது ஆய்ஸ்டர். அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து மெட்ரோவிலும் கான்டாக்ட்லெஸ் கார்டு செல்லும். கார்டில் தட்டுவதற்கும் ஆய்ஸ்டருக்கும் பெரியவர்களுக்குக் கட்டணம் ஒன்றுதான். கார்டு வேலை செய்தால் ஆய்ஸ்டர் வாங்கத் தேவையில்லை.

மெட்ரோவில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். பஸ்ஸிலும் டிராமிலும் ஏறும்போது மட்டும். நான் போனபோது பஸ் கட்டணம் 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே 1.75தான். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று உச்சவரம்பும் உண்டு. பஸ் மட்டும் என்றால் அப்போது 5.25 பவுண்டு. நகரின் நடுப்பகுதியான 1, 2 மண்டலங்களில் மெட்ரோவும் சேர்த்து, 2025 மார்ச் கட்டணப்படி 8.90 பவுண்டு. நாள் கணக்கு விடியற்காலை 4.30க்குத் தொடங்குகிறது. வாராந்தர உச்சவரம்பு திங்கள் முதல் ஞாயிறு வரை. இதையெல்லாம் இயந்திரமே கணக்குப் போட்டுக்கொள்ளும், ஆனால் ஒரு நிபந்தனை: முழுக்க ஒரே கார்டைப் பயன்படுத்த வேண்டும்.

இங்கேதான் நான் இரண்டாவது தடவை அடிபட்டேன். கார்டு ஆன் ஆகிவிட்டது, சந்தோஷமாகப் பர்ஸையே மஞ்சள் வட்டத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். பர்ஸில் இரண்டு கார்டு. பேடிங்டனில் ஏறும்போது மெஷின் படித்தது ஒன்றை, இறங்கும்போது படித்தது இன்னொன்றை. ஒரு கார்டு ஏறி இறங்கவே இல்லை, இன்னொரு கார்டு ஏறாமலேயே இறங்கியது என்று கணக்கு. இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம். நான் போனது வெறும் நாலு ஸ்டேஷன்.

கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்து, தனியாகத் தட்டுங்கள். போக்குவரத்துக்கு ஒரு கார்டு என்று ஒதுக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. போனில் உள்ள கார்டும் கையில் உள்ள கார்டும் ஒரே கணக்காக இருந்தாலும் மெஷினுக்கு அவை இரண்டு வேறு கார்டுகள். ஏறும்போது போன் என்றால் இறங்கும்போதும் போன்தான்.

தவறு நடந்துவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, கார்டைச் சேர்த்தால் பயண விவரம் தெரியும். முடிவடையாத பயணத்தைத் தேர்ந்தெடுத்து, எங்கே இறங்கினீர்கள் என்று சொன்னால் மீதியைத் திருப்பித் தருவார்கள். எட்டு வாரத்துக்குள் கேட்க வேண்டும். எனக்கு ஒரு வாரத்துக்குள் வந்தது.

ஒருவருக்கு ஒரு கார்டு. ஒரே கார்டைத் தட்டி இரண்டு பேர் மெட்ரோவுக்குள் போக முடியாது. அம்மாவுக்குத் தனிக் கார்டு வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பெற்றோரோடு போகிறவர்கள், அவர்கள் பெயரில் ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்கிவிடுங்கள், அல்லது உங்கள் இரண்டாவது கார்டை ஒதுக்குங்கள். 11 வயதுக்குக் குறைவான பிள்ளைகள் கட்டணம் செலுத்தும் பெரியவரோடு இலவசமாகப் போகலாம். 11 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கான அரைக் கட்டணச் சலுகை உண்டு. அதை ஆய்ஸ்டரில்தான் ஏற்ற முடியும், வங்கிக் கார்டில் முடியாது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆய்ஸ்டர் வாங்குவது சரி. ஸ்டேஷன் ஊழியரிடம் கேட்டால் ஏற்றித் தருவார்.

டிஎல்ஆர் (கிழக்கு லண்டன் பக்கம் ஓடும் இலகு ரயில்) ஸ்டேஷன்களில் பலவற்றில் கதவே இருக்காது. மஞ்சள் வட்டம் மட்டும் ஒரு கம்பத்தில் நிற்கும். கதவு இல்லையே என்று நேராக நடந்துவிட்டால், தட்டாத பயணத்துக்கு அதிகபட்சக் கட்டணமோ அபராதமோ வரும். கம்பத்தைத் தேடித் தட்டுங்கள்.

2025-இல் ஹீத்ரோவிலிருந்து நகருக்கு வர பிக்கடில்லி லைனில் 5.80 பவுண்டு. எலிசபெத் லைனில் 13.90 பவுண்டு. இரண்டிலும் அதே மாதிரிதான் தட்ட வேண்டும், வழி தெரியாமல் எலிசபெத் லைன் பக்கம் போய்விட்டால் இரண்டு மடங்குக்கு மேல். அது வேகமாகப் போகும், பெட்டி வைக்க இடமும் அதிகம். தெரிந்தே தேர்ந்தெடுத்தால் தவறில்லை.

ஒரு நாள் முழுக்கத் தட்டியது எல்லாம் சேர்ந்து ஒரே தொகையாக மறுநாள்தான் கார்டில் ஏறும். தட்டிய உடனே மிகச் சின்னத் தொகைக்கு எஸ்எம்எஸ் வந்தால் பயப்பட வேண்டாம், கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது அது. ஆனால் மறுநாள் அந்த மொத்தத் தொகையை உங்கள் வங்கி மறுத்துவிட்டால், பாக்கி தீரும் வரை அந்தக் கார்டை எந்த நுழைவாயிலும் ஏற்காது. லிமிட் தீராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கறுப்பு டாக்ஸிகள் எல்லாம் 2016 அக்டோபர் இறுதியிலிருந்து கார்டு வாங்கியே ஆக வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது.

7. கடையில்: ரூபாயா, பவுண்டா என்று கேட்டால்

பவுண்டு. எப்போதும் பவுண்டு.

ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் அம்மாவுக்கு ஒரு கோட் வாங்கினேன், 62 பவுண்டு. கார்டைச் செருகியதும் மெஷின் திரையில் இரண்டு வரி வந்தது. ஒன்றில் 62.00 பவுண்டு, இன்னொன்றில் 7,360 ரூபாய். நம் ரூபாயைப் பார்த்ததும் மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது, விரல் அந்தப் பக்கம் போனது, அமுக்கிவிட்டேன். அன்றைய மாற்று விலை ஒரு பவுண்டுக்குச் சுமார் 112 ரூபாய். அப்படிப் பார்த்தால் 6,944 ரூபாய். என் வங்கியின் 4.13 சதவீதத்தைச் சேர்த்தாலும் 7,231தான் ஆகியிருக்கும். ரூபாயில் கட்டியதால் மார்க்கப் தப்பியதா என்றால் அதுவும் இல்லை. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டினாலும் பல இந்திய வங்கிகள் 1 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் எடுக்கின்றன. மொத்தம் 7,447 ரூபாய். ஒரு கோட்டுக்கு 216 ரூபாய் வீண். பத்து நாள் ஹோட்டல் பில்லில் இதே தவறைச் செய்தால் தொகை பல ஆயிரம் ஆகும்.

இதற்கு டிசிசி என்று பெயர். கடையின் மெஷினே மாற்று விலையைப் போட்டுக்கொள்வதால் அதில் அவர்கள் லாபம் சேர்ந்திருக்கும். பவுண்டைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விலையை விசாவோ மாஸ்டர்கார்டோ போடும், அது சந்தை விலைக்குப் பக்கத்தில் இருக்கும். சில இடங்களில் கடைக்காரரே நம்மைக் கேட்காமல் ரூபாயை அமுக்கிவிடுவார். ரசீதில் ரூபாய் தெரிந்தால், கடையை விட்டு வெளியே வருவதற்குள் ரத்து செய்து பவுண்டில் போடச் சொல்லுங்கள். அங்கேயே கேட்டால் செய்துவிடுவார்கள், வெளியே வந்துவிட்டால் கஷ்டம்.

மற்றபடி கடையில் சிக்கல் குறைவு. இங்கிலாந்தில் தட்டிக் கட்டும் வரம்பு 2021 அக்டோபரில் 100 பவுண்டாக உயர்ந்தது. நான் போனபோது, அதற்கு மேல் போனால் கார்டைச் செருகிப் பின் அடிக்க வேண்டியிருந்தது. தொடர்ந்து பல தடவை தட்டிய பிறகு ஒரு சின்னத் தொகைக்கும் பின் கேட்கலாம், கார்டு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

உணவகங்களில் பில்லின் அடியைப் படியுங்கள். சர்வீஸ் சார்ஜ் 12.5 சதவீதம் பெரும்பாலும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அது கட்டாயம் இல்லை என்று பில்லிலேயே எழுதியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது சேர்ந்த பில்லுக்கு மெஷின் மறுபடியும் டிப்ஸ் கேட்டால், 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிட்டு மேலே போங்கள். அப்படிச் செய்வது மரியாதைக் குறைவு இல்லை.

விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு ஷாப்பிங் செய்யாதீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வாட் திருப்பித் தரும் முறையை 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். நாலைந்து வருடம் முன்பு போனவர்கள் சொல்வதைக் கேட்டு நான் எல்லா ரசீதையும் சேர்த்து வைத்திருந்தேன்.

8. ஹோட்டலில் பிளாக் ஆகும் பணம்

உள்ளே நுழைந்ததும் கார்டைக் கேட்டு, அறை வாடகைக்கு மேல் ஒரு தொகையை முன்பணமாகப் பிடித்து வைப்பார்கள். எங்களுக்கு 200 பவுண்டு. இது செலவு இல்லை, ஆனால் அந்த அளவுக்கு உங்கள் லிமிட் குறையும். அறையைக் காலி செய்த அன்றே விடுவித்துவிட்டோம் என்று ஹோட்டலில் சொன்னார்கள். என் ஆப்பில் அது மறைய ஒன்பது நாள் ஆனது. ஹோட்டல் விட்டாலும் வங்கி விட நாள் எடுக்கும்.

இதற்கு டெபிட் கார்டையோ ஃபாரெக்ஸ் கார்டையோ கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டு என்றால் லிமிட் மட்டும் முடங்கும், மற்ற இரண்டிலும் உங்கள் சொந்தப் பணமே முடங்கிவிடும், பயணத்தின் நடுவில். எவ்வளவு பிடிப்பீர்கள் என்று பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது இறுதி பில்லை வாங்கி, பத்திரமாக வையுங்கள்.

9. ரொக்கம் எவ்வளவு?

குறைவாக. பத்து நாளுக்கு நாங்கள் செலவு செய்த ரொக்கம் 60 பவுண்டுக்குள். பல காபிக் கடைகள் ரொக்கமே வாங்குவதில்லை, வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் ஈஸ்ட் ஹாம் மாதிரி நம் மக்கள் அதிகம் இருக்கும் கடைத்தெருக்களில், சின்னக் கடைகளில் 5 பவுண்டுக்குக் கீழே கார்டு இல்லை என்று சொல்வது உண்டு. ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போனபோது உண்டியலில் போட அம்மா காசு கேட்டார். அதற்கெல்லாம் கொஞ்சம் இருந்தால் நல்லது. 50 பவுண்டை ஊரிலேயே மாற்றிக்கொண்டு போங்கள், 5, 10 பவுண்டு நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள்.

முன்பு லண்டன் போய் வந்த உறவினர் மீதி நோட்டைக் கொடுத்தால் தடவிப் பாருங்கள். காகித நோட்டு என்றால் செல்லாது. கடைசியாக இருந்த 20, 50 பவுண்டு காகித நோட்டுகளும் 2022 செப்டம்பர் 30-உடன் செல்லாமல் போயின. பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் கொடுத்து மாற்றலாம், ஆனால் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் ஏடிஎம் பக்கம் போகவே வேண்டாம். பணம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம், மார்க்கப், அதற்கு மேல் எடுத்த நாளிலிருந்தே மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. பில் தேதி வரை வட்டி கிடையாது என்ற சலுகை இதற்கு இல்லை. ஸ்விட்ச்சை அணைத்து வைக்கச் சொன்னது இதனால்தான். அவசியம் என்றால் டெபிட் கார்டிலோ ஃபாரெக்ஸ் கார்டிலோ எடுங்கள், வங்கிச் சுவரில் இருக்கும் 'இலவசம்' என்று எழுதிய மெஷினில். கடைகளுக்குள் நிற்கும் சில மெஷின்கள் கட்டணம் எடுக்கும். அங்கேயும் ரூபாயில் மாற்றித் தரட்டுமா என்று திரை கேட்கும். மறுத்தால் பணம் வராது என்பது போலத் தோன்றும். மறுங்கள், பணம் வரும்.

10. கார்டு தொலைந்தால்

முதலில் ஆப்பில் பிளாக், ஆப் இல்லையென்றால் அந்தத் தாளில் உள்ள +91 எண். எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், புகார் எண் என்ன என்பதை எழுதி வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்ற மூன்றாம் நபர் மோசடியில், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பு இல்லை. நாலு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டிவரும். பின் நம்பரை யாருக்காவது சொல்லியிருந்தால், நீங்கள் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நடந்த இழப்பு உங்களுடையது. ஊர் திரும்பி நிதானமாகச் சொல்லலாம் என்று விடாதீர்கள்.

இரண்டு கார்டையும் ஒரே பர்ஸில் வைக்காமல் இருந்தால், மீதிப் பயணம் நிற்காது.

11. திரும்பி வந்த பிறகு

முதல் ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பாருங்கள், ரசீதுகளோடு வைத்து. தொகை சில ரூபாய் முன்னே பின்னே இருந்தால் அது கணக்குத் தீர்க்கும் நாளின் மாற்று விலை. கடையில் பொருளைத் திருப்பிக் கொடுத்திருந்தால் பணம் திரும்ப வரும் நாளின் விலையில்தான் வரும், கட்டிய மார்க்கப் பெரும்பாலும் வராது. ஹோட்டல் முன்பணம் ஒரு மாதம் ஆகியும் மறையவில்லை என்றால், இறுதி பில்லை இணைத்து வங்கிக்கு எழுதுங்கள்.

மெட்ரோ வரிகளை லண்டன் போக்குவரத்துக் கணக்கோடு ஒப்பிடுங்கள், எட்டு வாரக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சரி என்றதும் ஆப்பைத் திறந்து, வெளிநாட்டுப் பக்கத்தின் ஸ்விட்ச்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துவிடுங்கள்.